காலில் என்ன தேடுகிறார்கள்?

ஜெர்மனிக்குப் போய் ஹிந்தி தெரியாததற்காக வெட்கப்படுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

2005 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்துக்கு நீர்வளப் பொறியியல் படிக்கப் போனேன். விடுதியில் இடமில்லை. பக்கத்து ஊரான எஸ்லிங்கனில், நெக்கார் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. கணவர் போய் ஆறு வருடம். மகன் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என் ஜெர்மன் அப்போது பேக்கரி வாசலைத் தாண்டாது. முதல் நாள் சாவியைக் கொடுத்தார். மாடிப்படியும் வாசலும் கூட்டுவது எந்த வாரம் யார் முறை என்று சொல்லும் அட்டையைக் காட்டினார். (ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய ஸ்வாபிய வட்டாரத்தில் இதெல்லாம் விளையாட்டு இல்லை. அட்டை உங்கள் கதவில் தொங்கினால், பனி கொட்டினாலும் கூட்டியாக வேண்டும்.) பிறகு முன்னறை அலமாரியைத் திறந்தார். உள்ளே கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக ஷாருக் கான்.

ஒரு வீடியோ கேசட்டை எடுத்து, "இதில் பாட்டுகளுக்கு எழுத்து ஓடுகிறது, ஆனால் சீக்கிரம் ஓடிவிடுகிறது. அவர் என்ன பாடுகிறார் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார். எனக்கு ஹிந்தி தெரியாது என்றேன்.

"நீங்கள் இந்தியாதானே?"

"ஆமாம்."

"பிறகு?"

அந்தப் பிறகுவுக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பக்கத்து மாநிலத்துப் பவேரியாக்காரர் பேசினால் எங்களுக்குப் புரியாதே, அந்த மாதிரியா என்று கேட்டார். இல்லை, ஃபின்லாந்துக்காரர் பேசினால் புரியாதே, அந்த மாதிரி என்றேன். மொழிக்குடும்பக் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் மோசம். ஹிந்தியும் ஜெர்மனும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். அந்த அம்மாதான் ஹிந்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம், நான் அந்நியம்.

அந்தக் கேசட்டில் இருந்தது கரண் ஜோஹரின் 2001-ஆம் ஆண்டுப் படம், 'கபி குஷி கபி கம்'. 2004 நவம்பரில் ஆர்.டி.எல். 2 என்ற தனியார் தொலைக்காட்சி அதை ஜெர்மனில் டப்பிங் செய்து ஒளிபரப்பியது. மூன்றரை மணி நேரப் படம், விளம்பரங்களோடு ராத்திரி வெகுநேரம் ஓடியிருக்கும். அதற்கு முன்பே கொலோன் நகரத்து ரேபிட் ஐ மூவிஸ் நிறுவனம் சில ஹிந்திப் படங்களைத் தியேட்டர்களில் போட்டிருந்தது. ஆனால் தியேட்டருக்குப் போகாத வீட்டம்மாக்களின் முன்னறைக்குள் ஷாருக் கானை உட்கார வைத்தது அந்தத் தொலைக்காட்சிதான். அடுத்த மூன்று நான்கு வருடங்களில் அதே சேனலில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்தன, கடைகளில் டிவிடி அடுக்குகள் வந்தன, 'இஷ்க்' என்ற பெயரில் ஜெர்மன் மொழியிலேயே ஒரு பத்திரிகைகூட வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஜெர்மன் தலைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 'கபி குஷி கபி கம்' அங்கே 'நல்ல நாளிலும் கஷ்ட நாளிலும்' ஆனது. தேவாலயக் கல்யாணத்தில் சொல்லும் வாக்குறுதி அது, நம்மூர்க் கிறிஸ்தவக் கோயில்களில் 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்று சொல்வார்களே, அதே வரி. இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை. 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'வுக்கு வைத்ததோ, 'முதலில் வருபவனுக்கே மணப்பெண்'. மாவு மில்லில் முதலில் வந்தவன் முதலில் அரைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு, அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் வந்தவன் குல்ஜீத். அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை.

டப்பிங் என்றால் வசனம் மட்டும்தான். பாஸ்கல் ப்ராயர் என்ற நடிகர்தான் வழக்கமாக ஷாருக்கானுக்கு ஜெர்மன் குரல். பாட்டு தொடங்கியதும் வாய் சட்டென்று ஹிந்திக்குப் போய்விடும். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. பேசும்போது ஒருத்தர், பாடும்போது வேறொருத்தர், இதையெல்லாம் எப்படி நம்பி அழுகிறார்கள்? அப்புறம்தான் உறைத்தது, அசல் படத்திலும் பேசுவது ஒருவர், பாடுவது சோனு நிகம் அல்லது உதித் நாராயண். இரவல் குரலை நம்பி அழுது பழகியவர்கள் முதலில் நாம்தான். அவர்களுக்கு இன்னொரு இரவல் கூடுதல், அவ்வளவே.

*

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் காபி, ஆப்பிள் கேக், கேசட். இதுதான் எங்கள் ஏற்பாடு. என் ஜெர்மன் வளர்ந்தது வகுப்பறையில் அல்ல, அந்தச் சோபாவில். நான் ஹிந்திக்கு உதவ மாட்டேன் என்று தெரிந்ததும், என்னை வேறு வேலைக்கு அமர்த்திக்கொண்டார்: சாமான்களையும் சடங்குகளையும் விளக்குவது. அந்தத் தட்டில் ஏன் நெருப்பு? நெற்றி வகிட்டில் ஏன் சிவப்பு? ஒருநாள், மகன் அப்பாவின் காலைத் தொட்டு நிமிரும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"இவர்கள் எப்போதும் காலில் என்ன தேடுகிறார்கள்?"

ஆசீர்வாதம் என்று சொல்ல ஜெர்மன் வார்த்தை தெரிந்திருந்தது. சொன்னேன்.

"கிடைக்கிறதா?"

கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சில நேரம் கிடைக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுப் படத்தை ஓடவிட்டார்.

இன்னொரு நாள், சுவிட்சர்லாந்துப் பனியில் கதாநாயகி மெல்லிய சேலையோடு பாடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கோடைக்கு ஒருமுறை பெர்ன் மலைநாட்டுக்குப் போய்வருபவர். "அது ஸானன் பக்கம். எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு யாராவது ஒரு கம்பளிச்சட்டை கொடுத்திருக்கலாம்" என்றார். யஷ் சோப்ரா குடும்பத்துப் படங்கள் அந்த மலைகளை இந்தியர்களின் கனவுப் பிரதேசமாக ஆக்கின என்றும், தேனிலவுக்காரர்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள் என்றும் சொன்னேன். யுங்ஃப்ராவ் மலைமேல் இருக்கும் ரயில் நிலையத்தில் 'பாலிவுட்' என்ற பெயரிலேயே ஓர் உணவகம் இருப்பது அவருக்கே தெரிந்திருந்தது. 2016-இல் இன்டர்லாக்கனில் சோப்ராவுக்குச் சிலையும் வைத்தார்கள். வீட்டுக்கார அம்மா வெகுநேரம் யோசித்தார். "அப்படியானால் நான் உங்கள் ஊரைப் பார்க்க இதைப் போடுகிறேன், நீங்கள் எங்கள் ஊரைப் பார்க்க எடுத்திருக்கிறீர்கள்."

ஒரு தடவை மட்டும் எனக்குச் சொந்தம் கொண்டாட வாய்ப்பு வந்தது. 'தில் சே'. இது எங்கள் ஊர் மணிரத்னம் எடுத்தது, தமிழில் இதற்கு 'உயிரே' என்று பெயர், ரயில் கூரைமேல் ஆடுகிறார்களே, அது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் எங்கள் மலைரயில் என்று அள்ளிவிட்டேன். தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "அது ஆப்ட் முறை. சுவிஸ்காரர் கண்டுபிடித்தது. எங்கள் ஸ்டுட்கார்ட்டிலும் பல்சக்கர ரயில் இருக்கிறது, 1884-இலிருந்து ஓடுகிறது, ஆனால் அது ரிக்கன்பாக் முறை." கணவர் டெய்ம்லர் ஆலையில் ஃபிட்டர். என் பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

*

நகரத்தில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரின் கடை இருந்தது. எண்பதுகளில் கொழும்பிலிருந்து வந்தவர். மிளகாய்த்தூள், முருங்கைக்காய், ஊருக்குப் பேசும் டெலிபோன் கார்டு, கூடவே ஒரு ரேக் நிறைய சினிமா. அந்த ரேக்கைக் காட்டி ஒருநாள் அலுத்துக்கொண்டார்: "பிள்ளை, இந்த டொச்சுக்காரப் பெண்டுகள் வந்து ஷாருக்கான் படம் கேக்கினம். கதை என்னெண்டு கேக்கினம். எனக்கு ஹிந்தி தெரியாதெண்டு சொன்னா நம்புறாளவையில்ல. நான் விஜய் படம் நல்லா இருக்கும், பாருங்கோ எண்டுறன். வேண்டாமாம்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அதில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது. ஜெர்மனியில் அத்தனை ஆயிரம் ஈழத்தமிழர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பக்கத்து மனிதர்கள் கண்ணில் படுவதற்கு ஷாருக் கான் வந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இதை நான் பெருமையாக எழுதவில்லை.

*

ஏன் இந்தப் படங்கள் அங்கே போய்ப் பற்றிக்கொண்டன என்பதற்கு ஜெர்மன் பத்திரிகைக்காரர்கள் வைத்திருந்த பதில் ஒரு வார்த்தை: கிட்ச். மலிவான அலங்காரம், சர்க்கரைப்பாகு. (அந்த வார்த்தையே அவர்களுடையதுதான், உலகத்துக்கு அவர்கள் கொடுத்த கொடை.) வீட்டுக்கார அம்மாவின் மகனும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திரையைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். வாழ்க்கையிலிருந்து தப்பித்தல் என்பது இன்னொரு பதில். இதை நான் சோம்பேறிப் பதில் என்பேன். தப்பிக்க ஆயிரம் வழி இருக்கும்போது ஒருத்தர் ஏன் இந்த ஜன்னல் வழியாகக் குதித்தார் என்று அது சொல்வதில்லை.

எனக்கு ஒரு கொள்கை உருவாகியிருந்தது, அதுவும் அந்தச் சோபாவில் உட்கார்ந்துதான். போருக்குப் பிந்தைய ஜெர்மனியர்களிடம் இதே மாதிரிப் படங்கள் இருந்தன. கறுப்புக்காடு, மலைக்கிராமம், பாட்டு, கண்ணீர், கடைசியில் கல்யாணம். ரோமி ஷ்னைடர் நடித்த 'சிஸ்ஸி' படங்கள் 1955 முதல் 57 வரை வந்தவை. இன்றும் கிறிஸ்துமஸுக்குத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். 1962-இல் ஓபர்ஹவுசனில் 26 இளம் இயக்குநர்கள் கூடி, பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை விட்டார்கள். அதன்பிறகு ஜெர்மன் சினிமாவுக்கு உலக மரியாதை கிடைத்தது. பழைய படத்துக்கு அழுதவர்கள்தான் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் முன்னறைக்குப் போனார்கள். 1993 முதல் ஞாயிறு இரவுகளில் இசட்.டி.எஃப். சேனல் ரோசமுண்டே பில்ஷர் நாவல்களைப் படமாகப் போடுகிறது: ஜெர்மன் நடிகர்கள், ஜெர்மன் வசனம், கதை நடப்பது இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில். அடுத்து ஒரு வரிசை, கதை நடப்பது ஸ்வீடனில். ஜெர்மனியர்களுக்குக் காதல் எப்போதும் வெளியூரில்தான் நடக்கிறது. அந்த வெளியூர்ப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது பம்பாய்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போய்விடும் பிள்ளைகள், முன்கூட்டிச் சொல்லாமல் அம்மா வீட்டுக்கு வராத மகன்கள், இவர்களிடையே வாழும் ஒரு பெண்ணுக்கு, மகன் வாசலுக்கு வருமுன்பே அவன் வருவதை உணர்ந்து ஆரத்தித் தட்டோடு ஓடும் ஜெயா பச்சனைப் பார்த்தால் அழுகை வராதா? தங்களிடம் இல்லாததைப் பார்த்து அழுகிறார்கள். கொள்கை கச்சிதமாக இருந்தது. எவ்வளவு தப்பு என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

*

முதல் அடி நைஜீரியாவிலிருந்து விழுந்தது. என் வகுப்பில் கானோ நகரத்துப் பையன் ஒருவன். ஹவுசா முஸ்லிம். நான் இந்தியா என்று தெரிந்த நிமிடமே நடைபாதையில் நின்று லதா மங்கேஷ்கர் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினான். அர்த்தம் தெரியுமா என்றால், "பாதி தெரியும். மீதி பாதி தெரிந்த மாதிரி" என்றான். ஒரு சனிக்கிழமை அவனையும் காபிக்கு அழைத்துப்போனேன். மூன்று பேர் உட்கார்ந்து ஹிந்திப் படம் பார்த்தோம், ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. இருந்ததில் நன்றாகத் தெரிந்தவன் அவன்தான்.

கானோவுக்கு ஹிந்திப் படங்களைக் கொண்டுவந்தவர்கள் லெபனான் வியாபாரிகள், ஐம்பதுகளில். அன்றிலிருந்து அது வடக்கு நைஜீரியாவின் வீட்டுச் சாப்பாடு. 1957-இல் வந்த 'மதர் இந்தியா'வைத் தொண்ணூறுகளில் போட்டாலும் தியேட்டர் நிரம்பும். வசனம் கூட்டத்துக்கு மனப்பாடம். தர்மேந்திராவுக்கு ஹவுசாவில் 'பலத்தின் ராஜா' என்று பட்டம். நடிகர்களின் ஸ்டிக்கர் ஒட்டாத பஸ், லாரி கிடையாது. சூஃபி பாட்டுக்காரர்கள் பந்திரி என்ற கைப்பறையை அடித்துக்கொண்டு, ஹிந்திச் சினிமா மெட்டிலேயே நபிகள் நாயகத்தைப் போற்றிப் பாடுகிறார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் ஆடி மாதம் மைக்செட்டில் மாரியம்மனுக்குப் போடும் பாட்டுக்கெல்லாம் எந்தப் படத்து மெட்டு என்று சின்ன வயதில் நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

"அமெரிக்கப் படத்தில் பத்தாவது நிமிடம் முத்தம் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் என் அம்மா எதைப் பார்ப்பாள்?" என்றான் அவன். அவன் ஊரிலும் கல்யாணத்தைப் பேசுவது பெரியவர்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தாலும் நேராகப் போய்ச் சொல்ல முடியாது. அப்பா, சித்தப்பா, பணம், குலம், நாலு பேர் பேச்சு. மேலைநாட்டுப் படங்களில் இந்தப் பேச்சே இல்லை. இவன் பாட்டுக்கு அவளைச் சந்திக்கிறான், கிளம்பிப் போகிறார்கள். ஹிந்திப் படத்தில் சித்தப்பா இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்து, எண்பதுகளிலிருந்து தாங்களே ஹவுசாவில் 'சொயாயா' என்று சின்னச்சின்னக் காதல் புத்தகங்கள் எழுதிச் சந்தையில் விற்றார்கள். எழுதியவர்களில் நிறையப் பேர் பெண்கள். பிறகு சினிமாவே எடுத்தார்கள். அதற்கு கானிவுட் என்று பேர். ஊர்ப் பெரியவர்கள் திட்டினார்கள், இந்தியக் கழிசடை வந்து பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று. 2001-இல் கானோ மாநிலம் தணிக்கை வாரியமும் வைத்தது. ஆக, அங்கே அழுதவர்கள் தங்களிடம் இல்லாததைப் பார்த்து அழவில்லை. தினமும் வீட்டில் நடப்பதைப் பார்த்து அழுதார்கள்.

ஒரே படம், கானோவில் கண்ணாடி, எஸ்லிங்கனில் ஜன்னல் என்று என் கொள்கைக்கு ஒட்டுப்போட்டு வைத்துக்கொண்டேன். (சோவியத் ரஷ்யாவை இதில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 1954-இல் அங்கே திரையிட்ட 'ஆவாரா'வுக்கு ஆறு கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அவர்கள் ராஜ் கபூரிடம் ஏழையைப் பார்த்தார்களா, காதலனைப் பார்த்தார்களா என்பது தனிக் கட்டுரை.)

*

என் அம்மா எங்கே அழுதாள்? இதை யோசிக்காமல் நான் ஊராரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் முதல் டிவி வந்தது எண்பதுகளின் கடைசியில். தூர்தர்ஷன் ஒன்றுதான். புதன்கிழமை சித்ரஹார், வார இறுதியில் ஹிந்திப் படம். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஹிந்தியில் ஒரு எழுத்து தெரியாது. பெரியம்மா கூடத்துக்குக் கதை சொல்லிக்கொண்டே வருவாள். "அவன் அவளுக்குத் தம்பி முறை" என்பாள். கால்மணி நேரத்தில் இருவரும் கட்டிக்கொண்டு டூயட் பாடுவார்கள். பெரியம்மா அசர மாட்டாள். "வளர்ப்புத் தம்பி" என்பாள். இப்படி நாங்கள் பார்த்த படங்களின் கதை உண்மையில் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியம்மாவின் கதைகளே நன்றாக இருந்தன என்பது என் நம்பிக்கை.

பெரியப்பா 1965-இல் கல்லூரி மாணவர். ஹிந்தி எதிர்ப்பில் ரயில் நிலையப் பலகையில் தார் பூசப் போய்ப் போலீசிடம் அடி வாங்கியவர். நாலு வருடத்தில் 'ஆராதனா' வந்தது. மதராஸில் டப்பிங் இல்லாமலே ஓடியது. பெரியப்பா முகம் மழிக்கும்போது ராஜேஷ் கன்னா பாட்டைப் பாடுவார், நான் பார்த்திருக்கிறேன். சிவாஜி நடித்து 'சிவகாமியின் செல்வன்' என்று தமிழில் வந்தபோது, "அது போல வராது" என்றாராம். அவரிடம் ஒருமுறை இந்த முரணைக் கேட்டேன். "மொழியை வேண்டாம்னு சொன்னோம். பாட்டை யார் வேண்டாம்னா?" என்றார், பிளேடைக் கழுவிக்கொண்டே.

வீட்டுக்கார அம்மாவிடம் என்னை இந்தப் படங்களின் சொந்தக்காரி மாதிரி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோசித்தால், சப்டைட்டில்கூட இல்லாமல் பார்த்த வெளியூர்க் கூட்டம் நாங்கள். அவருக்காவது டப்பிங் இருந்தது.

*

2007 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் இந்தியப் பட விழா. மும்பையும் ஸ்டுட்கார்ட்டும் 1968 முதல் உறவு நகரங்கள், அதைச் சாக்காக வைத்து 2004-இல் தொடங்கிய விழா. நடந்தது மெட்ரோபோல் தியேட்டரில். பழைய ரயில் நிலையத்தின் மிச்சத்தில் கட்டியது, வாசல் வளைவுகள் இன்னும் ரயில் நிலையம் மாதிரியே நிற்கும். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்து அண்ணா கடையில் ஒரு நீலச் சேலை வாங்கிவிட்டார். கட்டிவிட வேண்டியது என் பொறுப்பு. நான் ஜீன்ஸ் போட்டே வளர்ந்தவள். அம்மாவுக்குப் போன் போட்டுக் காதில் இடுக்கிக்கொண்டு, அம்மா சொல்லச்சொல்ல மடிப்பு வைத்தேன். "எத்தனை மடிப்பு வருது? ஆறா? இன்னும் ரெண்டு வை. யாருக்குடி கட்டிவிடறே?" சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எஸ்-பான் ரயிலில் வரும்போது, எந்தப் பீடிகையும் இல்லாமல், "என் கல்யாணத்துக்கு என் அப்பா வரவில்லை" என்றார்.

அவர் பிறந்தது ட்யூபிங்கன் பக்கத்து ஒரு புரோட்டஸ்டன்ட் கிராமம். கணவர் ரோட்டன்பர்க், கத்தோலிக்க ஆயர் இருக்கும் ஊர். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1555-இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, அரசன் எந்த மதமோ குடிகளும் அதே மதம் என்றது. வ்யூர்ட்டம்பர்க் அதற்கு முன்பே லூத்தர் பக்கம் போயிருந்தது. ரோட்டன்பர்க் 1806 வரை ஆஸ்திரிய அரசகுடும்பத்தின் கையில் இருந்ததால் கத்தோலிக்கமாகவே நின்றது. அடுத்தடுத்த ஊர், ஒரே பேச்சு, ஒரே உருளைக்கிழங்கு சாலட், நாலு நூற்றாண்டாகக் கொள்வினை கொடுப்பினை இல்லை. மீறிக் கட்டிக்கொண்டால் அதற்குப் பேரே 'கலப்பு மணம்'. கத்தோலிக்கக் கோயிலில் விசேஷ அனுமதி வாங்க வேண்டும், பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராகவே வளர்ப்போம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். இந்த விதி 1970-இல்தான் தளர்ந்தது. இவர் கல்யாணம் 1962.

"அமிதாப் பச்சன் மகனை வெளியே போகச் சொல்கிறாரே. என் அப்பா அவ்வளவு பேசவில்லை. அவருக்கு அந்த மாதிரி படிக்கட்டும் இல்லை. மாட்டுக்கொட்டகையில் நின்று, 'நீ முடிவு செய்துவிட்டாய்' என்றார். அவ்வளவுதான்."

ஒன்றரை வருடம் சனிக்கிழமைதோறும் பக்கத்தில் உட்கார்ந்து கேக் தின்றிருக்கிறேன். தன்னிடம் இல்லாததற்காக அழுகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கு ஜெர்மன் படம் எடுப்பதை அவர் கல்யாணம் ஆன அதே வருடம் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல், கண்ணாடி எல்லாம் என் அலங்காரம்.

ஹிந்திக் காதல் படம் என்கிறோம். அதில் காதல் ஒரு சிக்கலே இல்லை. இடைவேளைக்குள் முடிந்துவிடும். வீட்டில் சொல்வதுதான் சிக்கல். 'கபி குஷி கபி கம்' போஸ்டரிலேயே அச்சடித்திருந்தார்கள், இது பெற்றோரை நேசிப்பதைப் பற்றிய படம் என்று. 'தில்வாலே'யில் பெண்ணின் அம்மாவே நகையைக் கொடுத்து ஓடிப்போகச் சொல்கிறாள்; அவன் மாட்டேன், அப்பா கையால் வாங்கிக்கொண்டுதான் போவேன் என்கிறான். அந்த மாட்டேன்தான் படம். முன்பு எல்லா ஊரிலும் இந்தக் கதை இருந்தது. சில ஊர்களில் சட்டமும் சம்பளமும் மாறி, பெரியவர்களின் சம்மதம் தேவையில்லை என்றானதும், சினிமாக்காரர்கள் அதோடு கதையும் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். தேவையில்லை என்றான பிறகும் சம்மதத்துக்குக் காத்திருப்பவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

*

எனக்கும் வீட்டில் சொல்லாத ஒன்று அப்போது இருந்தது. கோட்டயத்துக் கிறிஸ்தவப் பையன். டெலிபோன் கார்டில் முப்பது நிமிடம் வாங்கிக்கொண்டு போய், இருபத்தெட்டு நிமிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். 2008 பிப்ரவரியில், பெர்லின் பட விழாவுக்கு ஷாருக் கான் வந்து ஊரே அல்லோலகல்லோலப்பட்டதைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்த வாரம், ஒருவழியாகச் சொன்னேன். அப்பா முழுசாகக் கேட்டார். "சரி, வைக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்க அவர் வரவே இல்லை.

அடுத்த வருடம் கோடையில் அம்மா மட்டும் வந்தாள். அப்பாவுக்கு ஆபீசில் லீவு இல்லையாம். ரிட்டையர் ஆகி நாலு மாதமாகியிருந்தது.

சனிக்கிழமை நாலு மணி. வீட்டுக்கார அம்மா நீலச் சேலையைத் தானே கட்டிக்கொண்டு வந்தார், எட்டு மடிப்பு. அம்மா கொண்டுவந்த முறுக்கு ஒரு தட்டு, ஆப்பிள் கேக் ஒரு தட்டு. பழைய கேசட் தேய்ந்து போய் இப்போது டிவிடி. அப்பா மகனை அனுப்பும் காட்சி வந்ததும் வீட்டுக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அம்மா படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தம்மா எதுக்குடி இங்க அழுறாங்க என்றாள். ரயிலில் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னேன். கலப்பு மணம் என்ற வார்த்தையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, நம்மிடம் தயாராக இருக்கிறது.

அம்மா ஒரு முறுக்கை ஒடித்தாள், தின்னவில்லை.

"அப்புறமாவது அவங்கப்பா வந்தாரான்னு கேளு."

கேட்டேன். வந்தார் என்றார் வீட்டுக்கார அம்மா. 1964, மூத்த மகனின் ஞானஸ்நானம். கிராமத்திலிருந்து டிராக்டரை ஓட்டிக்கொண்டே ரோட்டன்பர்க் கோயில் வாசல் வரைக்கும் வந்தார். என்ஜினை அணைக்கவில்லை. எல்லாரும் வெளியே வந்து பிள்ளையைக் காட்டினோம். மேலே இருந்தபடியே பார்த்தார். இறங்காமலே திருப்பிக்கொண்டு போனார்.

தமிழில் சொன்னேன். திரையில் யாரோ லண்டனில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மா புடவைத் தலைப்பில் விழுந்திருந்த முறுக்குத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள்.

"உங்கப்பா இறங்கிடுவார்டி" என்றாள்.